பக்கத்தில் நிற்பவரின் உரிமை: வாய்த்தூய்மையின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸா மாணவர்களைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்றேன். அடிவாரமான காரவள்ளியைக் கடந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறத் தொடங்கியது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்திருந்தோம். அப்போது ஒரு மாணவனின் வாய்நாற்றத்தை மற்றவர்கள் கேலி செய்தனர். பூண்டு தின்றவர் பள்ளிவாசலுக்கு வரக்கூடாது என்ற நபிமொழியைப் படிக்கவில்லையா என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தனர். நானும் தடுக்கவில்லை. அந்த மாணவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அன்று மலைமேல் லுஹர் தொழுதபோது, வரிசையின் ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றான்.

அந்த இடைவெளி என்னை உறுத்தியது. ஊர் திரும்பியதும் அந்த நபிமொழியின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல் கைபர் வெற்றிகொள்ளப்பட்டது. பசியோடிருந்த தோழர்கள் அங்கே விளைந்திருந்த பூண்டை வயிறார உண்டுவிட்டுத் தொழுகைக்கு வந்தனர். வாடையை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், இதை உண்டவர் நம் தொழுமிடத்தை நெருங்க வேண்டாம் என்றார்கள். பூண்டு ஹராமாகிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டபோது, அல்லாஹ் ஆகுமாக்கியதைத் தடுக்கும் அதிகாரம் எனக்கில்லை, அதன் வாடையையே வெறுக்கிறேன் என்று விளக்கினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆ உரையொன்றில், வெங்காயமும் பூண்டும் உண்ண விரும்புவோர் அவற்றை நன்கு சமைத்து வாடையைப் போக்கி உண்ணட்டும் என்று அறிவுறுத்தினார்கள்.

மாணவர்கள் அறியாத இன்னொரு நிகழ்வு அபூதாவூதில் உண்டு. பூண்டு உண்டுவிட்டு வந்த முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களின் கையைப் பிடித்துத் தம் சட்டைக்குள் மார்பின்மீது வைத்தார்கள். மார்பில் கட்டுப் போடப்பட்டிருந்தது. உமக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பொதுவான கட்டளையைப் பிறப்பித்த அதே நாவு, எதிரில் நின்றவரின் நிலையை அறிந்ததும் கனிந்தது. நாங்கள் வேனில் மறந்தது இதைத்தான்.

வாடையைக் கண்டித்த மார்க்கம் அதைப் போக்கும் வழியையும் காட்டியது. என் சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையெனில் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பேன் என்பது நபிமொழியின் கருத்து. இரவில் எழுந்ததும் நபி (ஸல்) அவர்கள் பல் துலக்குவார்கள் என ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகள் பெருகிக் கந்தக வாயுக்களை உண்டாக்குகின்றன என்று இன்றைய மருத்துவம் அதன் பயனை விளக்குகிறது. நபி (ஸல்) அவர்கள் குமட்டல் ஒலி எழும் அளவுக்கு நாவின் உட்புறம் வரை மிஸ்வாக்கால் தேய்த்ததைத் தாம் கண்டதாக அபூமூஸா (ரலி) கூறுகிறார்கள். வாய்நாற்றத்தின் முக்கிய இருப்பிடம் நாவின் பின்பகுதியே என்று பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். உலக வாழ்வின் இறுதி வேளையிலும், அன்னை ஆயிஷா (ரலி) மென்று பதப்படுத்தித் தந்த குச்சியால் நபி (ஸல்) அவர்கள் பல் துலக்கினார்கள்.

மிஸ்வாக் குச்சி தரும் அராக் மரம் தமிழகத்துக்கு அந்நியமானதன்று. உகாய் என்ற பெயரில் குறுந்தொகை அதனைக் குறிப்பிடுகிறது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்னும் பழமொழியும் நம்மிடம் உண்டு. மலையிலிருந்து இறங்கிய மறுநாள் காலை, காரவள்ளியில் ஒரு முதியவர் வேப்பங்குச்சியை மென்றபடி நடந்துசென்றார். அரபு மண்ணின் ஸுன்னத்தும் நம் மண்ணின் வழக்கமும் ஒன்றையொன்று தழுவி நிற்பதாக எனக்குத் தோன்றியது.

பல் தூரிகையின் வரலாறும் அறியத்தக்கது. 1780 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் தூரிகைகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அக்காலத் தூரிகைகளுக்குப் பன்றிமுடி பயன்பட்டதால் முஸ்லிம்கள் அவற்றைத் தவிர்க்கக் காரணம் இருந்தது. 1938இல் நைலான் இழைத் தூரிகை விற்பனைக்கு வந்ததும் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே தூரிகையா, குச்சியா என்று சண்டையிடத் தேவையில்லை. இரவு உறங்கும் முன்னும் காலையிலும் பல் துலக்குங்கள். நாவை வழியுங்கள். உளூவில் வாய் கொப்பளிப்பதை அவசரமாக முடிக்காதீர்கள். போதிய நீர் அருந்துங்கள். புகையிலையை விட்டொழியுங்கள். இவ்வளவு செய்தும் நாற்றம் நீடித்தால் அது சொத்தைப்பல், ஈறுநோய், தொண்டைச்சதை அழற்சி, நீரிழிவு ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். ஏலக்காயை மென்று மறைத்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அந்த மாணவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, உள்ளே இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது தெரிந்தது. வலியைப் பல மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் தாங்கியிருக்கிறான். அவனுக்கும் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் எவரும் கேட்கவில்லை.

நம் வாயைத் தூய்மையாக வைத்திருப்பது, தொழுகையில் தோளோடு தோள் நிற்பவருக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமை. அந்த நபிமொழியை முதலில் நம் வாய்க்குப் பயன்படுத்துவோம். பிறரிடம் குறை கண்டால் தனிமையில், அன்போடு சொல்வோம். சிகிச்சை முடிந்த பின் அவன் வரிசையில் இடைவெளி விடுவதில்லை.

நம் வாய்களையும் வார்த்தைகளையும் தூய்மையாக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.