பழம்பெயரும் புதுச் சந்தையும்

வழக்கொழிந்த பெயரொன்றை மோட்டார்க் கம்பனிகள் மீண்டும் தேடியெடுத்துப் புதிய நாடுகளிற் புதிய வண்டிகளுக்குச் சூட்டுவது ஏன்? இவ்வினாவை ஆராய்வதற்கு டட்சன் என்னும் பெயரின் வரலாறு ஏற்றதாகும். மாத்தளையிலிருந்து நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரத்து மக்களுக்கு அப்பெயர் புதியதன்று. 1977ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய வண்டிகள் இலங்கையிற் பெருகின. மொறிஸ், ஒஸ்ரின் முதலிய ஆங்கில வண்டிகளோடு பழகியிருந்தோர், டட்சன் சன்னியையும் தம்முடையதாக்கிக் கொண்டனர்.

டட்சனின் தோற்றம் சுவையானது. 1911இல் யப்பானில் நிறுவப்பட்ட குவைசின்சா என்னும் தொழிலகம், 1914இல் ஒரு வண்டியைச் செய்து, பொருளுதவி புரிந்த டென், அஓயாமா, டக்கேயுச்சி என்னும் மூவரின் முதலெழுத்துக்களைக் கூட்டி ‘டட்’ எனப் பெயரிட்டது. 1931இல் வந்த சிறிய வண்டி டட்டின் மகன் என்னும் பொருள்பட ‘டட்சொன்’ எனப்பட்டது. ஆனால் ‘சொன்’ என்பது யப்பானிய மொழியில் நட்டத்தைக் குறிக்குமாதலின், விரைவிலேயே அது ஞாயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இயைந்து டட்சன் ஆயிற்று. வணிகர் பெயருக்கு அஞ்சுதல் எந்நாட்டிற்கும் பொது போலும்!

பின்னர் நிசான் கம்பனியின் கீழ் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று. எனினும் 1981இல் நிசான் உலகமுழுதும் தன் பெயரொன்றையே வழங்கத் துணிந்தது. மாற்றக் காலத்தில் இரு பெயர்களும் ஒருங்கே பொறிக்கப்பட்டன. 1986இல் டட்சன் மறைந்தது.

கால் நூற்றாண்டு கழிந்தபின், 2012 மார்ச் மாதத்தில், நிசான் தலைவர் கார்லோஸ் கோன் இந்தோனேசியாவில் டட்சனின் மீள்வருகையை அறிவித்தார். இதற்குக் காரணங்கள் பல. புதிய பெயரொன்றை மக்கள் மனத்திற் பதிப்பதற்கு விளம்பரச் செலவு மிகுதி; பழம்பெயரோ முன்னரே உரிமையாயுள்ள சொத்து. அதனினும் முதன்மையானது வேறொன்று. முதன்முறையாகக் கார் வாங்குவோர்க்கு மலிவான வண்டி விற்க வேண்டும். ஆனால் அம்மலிவு நிசான் என்னும் பெயரின் மதிப்பைக் குறைத்தலாகாது. ஆகவே தாழ்ந்த விலையைத் தாங்குவதற்கு வேறொரு பெயர் தேவையாயிற்று. மூத்தவன் பெருமையைக் காத்தற்கு இளையவனைச் சுமை தூக்கச் செய்தது போன்றது இது.

ஈண்டு ஒரு முரணைக் காண்கிறோம். டட்சனை நினைவிற் கொண்டோர் இந்தோனேசியாவிலும் தென்னாபிரிக்காவிலும் இலங்கையிலும் பலர். ஆனால் நிசான் பெரிதும் நம்பிய இந்தியா, முன்னாளில் அயல்நாட்டுக் கார்களுக்குத் தன் வாயிலை அடைத்திருந்த நாடு. அங்கு அம்பாசடரும் பிரிமியர் பத்மினியுமே பலர் அறிந்தவை. நினைவே இல்லாதவிடத்தில் நினைவை விற்க முயல்வது வியப்பன்றோ?

சென்னைக்கு அண்மையிலுள்ள ஒரகடத் தொழிற்சாலையில் உருவான டட்சன் கோ, 2014 மார்ச்சில் ஏறத்தாழ 3.12 இலட்சம் இந்திய ரூபா தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக மோட்டார்ப் பாதுகாப்பு ஆய்வமைப்பாகிய குளோபல் என்கெப் அதனை மோதற் சோதனைக்கு உட்படுத்தி, வளர்ந்தோர் பாதுகாப்பிற்கு ஒரு நட்சத்திரமும் அளிக்கவில்லை. வண்டியின் உடற்கூடு மிகத் தளர்ந்திருந்ததால் காற்றுப்பை பொருத்தினும் பெரும்பயன் விளையாதென அவ்வமைப்புக் கூறி, வண்டியைச் சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு வேண்டிற்று. முதற்காரைச் சேமிப்பிலிருந்து வாங்கும் குடும்பத்தின் உயிரே இங்கு விலைப்பட்டியலில் வைக்கப்பட்டது என்பது எம் கருத்து. 2016இல் வந்த ரெடி-கோ என்னும் சிறிய கார் இலங்கைக்கும் வந்தது. எனினும் முன்னைய சன்னியின் புகழ் அதற்கு வாய்க்கவில்லை.

எம். ஜி. என்னும் ஆங்கிலப் பெயரின் கதை வேறு. 2005இல் வீழ்ந்த அக்கம்பனியின் உடைமைகளைச் சீனர் வாங்கினர். 2019இல் அப்பெயர் இந்தியாவிற்கு வந்தபோது மலிவைக் காட்டி வரவில்லை. வசதிகள் நிறைந்த பெரிய வண்டியொன்றின்மேல் ஏறி வந்தது.

டட்சனின் விற்பனை குன்றவே, ருசியாவிலும் இந்தோனேசியாவிலும் 2020 அளவில் உற்பத்தி நின்றது. 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் நிறுத்தப்படுவதாக நிசான் அறிவித்தது. முன்னரே வாங்கியோர்க்குப் பழுதுபார்த்தலும் உதிரிப்பாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்னும் உறுதிமொழி அவ்வறிவித்தலோடு வழங்கப்பட்டது.