மிக்சர் ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஒரு பெட்டி

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. கார்புரேட்டர் கிடையாது, எம்.பி.எஃப்.ஐ. 2000 வாக்கில் யூரோ விதிகளுக்காக மாருதி 800-ம் அந்தப் பக்கம் போனது. அதுவரை நம்ம மெக்கானிக்குகள் ஜெட்டை மாற்றி, மிக்சர் ஸ்க்ரூவைத் திருகி, பிளக்கின் நிறம் பார்த்தே வேலையை முடித்தார்கள். பழுப்பு என்றால் சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

அந்த ஸ்க்ரூ போன இடத்தைப் பிடிக்கப் பார்ப்பதுதான் 'பிக்கிபேக்' பெட்டி. சென்சாருக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திரித்துச் சொல்லும். அவ்வளவுதாங்க விஷயம். ஆனால் சைலன்சர் குழாயில் லாம்டா சென்சார் என்றொரு ஆள் காவல் இருக்கிறதே! போஷ் தயாரிப்பு, 1976-ல் வோல்வோவில் முதலில் வந்தது. சீராக ஓட்டும்போது ஈ.சி.யு. அதன் பேச்சைக் கேட்டு, காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற கணக்குக்கே திரும்ப இழுத்துவிடும். பெட்டி செய்த மாற்றம் பெரும்பாலும் நிலைப்பது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான். மைலேஜுக்காக இதை வாங்குவது, என் கணக்கில், வீண் செலவு. முழு லோடில் பெட்ரோலைக் குறைத்தாலோ பிஸ்டனே உருகலாம். வைட்பேண்ட் சென்சார் மாட்டி அளக்காமல் கை வைக்காதீர்கள்.

குயிலாப்பாளையம் மாதிரி கடலோர ஊரில் இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் செம்பு பச்சை பூத்து சிக்னல் தானாகவே மாறும். அப்புறம் பழி டியூனிங் மேல். ஜாயிண்டை சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, பெட்டியை டேஷ்போர்டுக்கு உள்பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.