கற்கண்டுக்குச் சான்று உண்டா?

திருத்தணியில் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடித் தியானத்தில் இருந்தார். முதியவர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார். வந்தவர் முருகனே; அந்த இனிப்போடு பிறந்தது 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற முதல் கீர்த்தனை. அரக்கோணம் தாண்டித் தணிகைக்குப் போகிற இசைப் பிரியர்கள் பலருக்கும் இந்தக் கதை தெரியும். சான்று தேடுபவர் முதலில் போகவேண்டிய ஊரோ எட்டயபுரம்.

1904இல் அங்கே தெலுங்கில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் வாக்கேயகாரர்களின், அதாவது சொல்லையும் இசையையும் தாமே படைத்தவர்களின், வரலாறு இருக்கிறது; இந்தக் கதையும் அதில் வருகிறது. எழுதியவர் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி மறைந்தது 1835இல். சுப்பராமர் பிறந்தது 1839இல். கண்ணால் கண்ட சாட்சி அல்லர். ஆனால் தம் மகள் வயிற்றுப் பேரனான இவரைத் தத்தெடுத்தவர் முத்துசுவாமியின் தம்பி பாலுஸ்வாமி. வீட்டுக்குள் வழங்கிய பேச்சு என்பதால் ஒதுக்க முடியாது. வீட்டுப் பெருமை கலந்திருக்கும் என்பதால் அப்படியே ஏற்கவும் முடியாது.

அடுத்த சாட்சி பாட்டு. தீட்சிதர் ஊரை மறைக்கிறவர் அல்லர். அவருடைய தலக் கீர்த்தனைகள் பலவற்றில் ஊரோ அங்குள்ள மூர்த்தியின் பெயரோ தெளிவாகப் பதிந்திருக்கும். இதிலோ தணிகை இல்லை, மலை இல்லை, வள்ளியும் இல்லை. இருப்பது ஸ்ரீவித்யை: குரு வரிசையைக் குறிக்கும் 'திவ்யௌகம்', தேவி உபாசனையில் ஒரு நெறியான 'காதி மதம்'. தமக்கு நேர்ந்தது பற்றி ஒரு பேச்சும் இல்லை. தியாகராஜராக இருந்தால் ராமனிடம் கெஞ்சியோ கோபித்தோ பாட்டிலேயே கொட்டியிருப்பார். பாட்டு வெளியே காட்டாத உருக்கத்தைக் கதை ஈடுகட்டியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

சரணத்தில் ஓரிடம் நிறுத்தியது: 'மாதுர்ய'. இனிய இசையமுதைப் பருகுபவன் என்று முருகனைச் சொல்கிறார். கற்கண்டு அகப்பட்டுவிட்டதா? அவசரப்படக்கூடாது. இந்தச் சரணம் முழுக்க மகர மோனை: மாயா, மாலினீ, மாமக, மார என்று ஓடி, இறுதியில் மாயாமாளவகௌளை என்ற ராகப் பெயரையும் கோத்துக்கொள்கிறது. மோனைக்கு வந்த சொல்லாகவே இருக்கலாம். தவிர, இங்கே இனிமையைச் சுவைப்பவன் முருகன், பாடுகிறவர் அல்லர்.

ஊரை மட்டும் நான் எளிதில் விட்டுவிட மாட்டேன். காசியில் சிதம்பரநாத யோகியிடம் பயின்று திரும்பிய தீட்சிதர் முதலில் தங்கியது சென்னைக்கு வடக்கே மணலியில். முதலியார் குடும்பத்தின் ஆதரவு அங்கே இருந்தது. அங்கிருந்து முருகன் மலை தேடுபவருக்குத் தணிகைதான் பக்கம். வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் பெயரைத் தாங்கியவர் முருகனை நாடியதிலும் வியப்பில்லை.

இடறுவது 'முதல்' என்பதுதான். முருகனாகிய குருகுகன்மேல் எட்டு வேற்றுமையிலும் கீர்த்தனைகள் உண்டு: ஆனந்தபைரவியில் இரண்டாவது, பாடியில் மூன்றாவது, சாமாவில் நான்காவது. 'ஸ்ரீநாதாதி' முதல் வேற்றுமை. ராகமும், இசை கற்கும் பிள்ளைகள் சரளி வரிசை தொடங்குகிற ராகம். இலக்கண வரிசையில் முதலாவது, நாளடைவில் காலத்திலும் முதலாவதாகிவிட்டிருக்கலாம். எட்டும் அடுத்தடுத்துப் பிறந்தவையா, பின்னாளில் நிரப்பியவையா? அதற்குப் பிரதர்சினியின் சுரங்களையும் கமகக் குறிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஆனந்தபைரவியில் இருந்து தொடங்குவதாக இருக்கிறேன்.