ஆரணி ரோடு ஆரணியில் இல்லை

ஆரணிப் பக்கம் இருக்கும் திருமலைக்குப் போகிறவர்கள் குந்தவை ஜினாலயத்தையும், பாறையில் செதுக்கிய நேமிநாதரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு அங்கே இன்னொரு வேலை உண்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சுமார் கி.பி. 1025. முன்பாதி முழுக்க அவன் படை போன இடங்கள்: வனவாசி, ஈழம், சக்கரக்கோட்டம், ஒட்ட விஷயம், வங்காள தேசம், கங்கை. பின்பாதியில் ஒரு சின்ன விஷயம். நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்திருக்கிறாள்.

எனக்குப் பிடித்தது இந்தப் பின்பாதிதான். ராஜா கணக்கில் வருவது பெரும்பாலும் பெரிய பெரிய தேசம். சாமுண்டப்பைக்கு வந்ததும் கல்வெட்டு விலாசத்தை விடாமல் சொல்கிறது. அவள் இருப்பது பெரும்பாணப்பாடியில், கரைவழியைச் சேர்ந்த மல்லியூர். காசு போய்ச் சேருவது ஜயங்கொண்ட சோழ மண்டலம், பங்கள நாடு, அதற்குள் முகை நாடு, அதற்குள் வைகாவூர், அங்கே திருமலை. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு, எதற்கு என்று நாலும் ஒரே பதிவில் இருக்கிறது.

இந்த நாலு கேள்வியைத்தான் இன்றைக்கு லாரி வாடகைக்கு டெண்டர் விடும் மென்பொருளும் கேட்கிறது. ஒரு கம்பெனி தன் சரக்கை அடுத்த ஒரு வருஷத்துக்கு யார் ஏற்றுவது என்று முடிவு பண்ணும் முன்னால், போன வருஷத்து லோடுகளை எல்லாம் ‘புறப்படும் இடம் – சேரும் இடம்’ என்று ஜோடி ஜோடியாகக் கூட்டி ஒரு சுருக்கம் போடும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு ‘லேன்’. நாம் தடம் என்று வைத்துக்கொள்ளலாம். லாரிக்காரர்கள் அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். லோடு நிஜத்தில் போனதா இல்லையா என்பது அடுத்த விஷயம். சுருக்கத்தில் இல்லாத தடத்துக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள்.

கூட்டல் கணக்குதானே, இதில் என்ன வரலாறு என்று தோன்றும். கூட்டுவதற்கு முன்னால் மூன்று முடிவு எடுத்தாக வேண்டும். மூன்றும் ரொம்பப் பழைய தகராறுகள்.

முதல் முடிவு, ஊர் என்றால் எது? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, அதாவது நம்ம ஆற்காட்டுச் சீமைக்கு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விழுப்புரம் – காட்பாடி பாதை வந்தபோது ஆரணிக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. பெயர் ஆரணி ரோடு. ஆனால் அது இருப்பது ஆரணியில் இல்லை, களம்பூரில். களம்பூர் அரிசி ஆலைக்குப் பேர்போன ஊர், ஆரணி பட்டுக்குப் பேர்போன ஊர். ரயில்வே கணக்கில் இரண்டும் ஒரே புள்ளி.

அதற்கு மேலே இன்னொரு கூட்டலும் நடந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட உள்நாட்டு வாணிகப் புள்ளிவிவரங்களில் நாட்டையே சில வட்டாரங்களாகப் பிரித்து, பெரிய துறைமுக நகரங்களைத் தனியாக வைத்து, வட்டாரத்துக்கு வட்டாரம் போன சரக்கை மட்டும் பதிந்தார்கள். அதே வழக்கம் இன்றும் தொடர்கிறது. வணிகப் புள்ளிவிவர இயக்ககம் வெளியிடுவது மாநிலத்துக்கு மாநிலம், அதுவும் ரயில், ஆறு, விமானம் வழியாகப் போகும் சரக்கு. ஆரணியிலிருந்து சென்னைக்கு லாரியில் போகும் அரிசி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் வராது. மாநிலத்துக்குள்ளேயே போகிறது, போதாக்குறைக்கு ரோட்டில் போகிறது.

இரண்டாவது முடிவு, எதால் அளப்பது? சிவகங்கைப் பக்கம் பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டு வணிகக் குழுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலுக்காக வியாபாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரி அது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி, நூல், பட்டு என்று நீளும் பட்டியல். வண்டிக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று தனித்தனி அளவு. உப்பையும் பட்டையும் ஒரே எடையில் நிறுத்திப் பார்க்கக் கூடாது என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

ரயில் வந்த பிறகு எல்லாம் மணங்கு, பிறகு டன். டன்னில் பார்த்தால் ஆரணி ஒரு அரிசி ஊர்தான். பட்டுப்புடவை ஒன்று ஒரு கிலோகூட வராது. ஒரு லாரி அரிசிக்குப் பக்கத்தில் நூறு புடவை வெறும் பூஜ்யம் மாதிரி தெரியும். அதனால் சுருக்கம் போடும்போது எடை மட்டும் போதாது. எத்தனை நடை, எத்தனை பார்சல், எவ்வளவு மதிப்பு என்று தனித்தனிப் பத்தி வேண்டும். முழு லாரியையும் பார்சல் சர்வீஸில் போகும் சில்லறைச் சரக்கையும் ஒரே வரியில் கலக்கவும் கூடாது. இரண்டுக்கும் வாடகை பேசும் முறையே வேறு.

மூன்றாவது முடிவு காலம். வருஷக் கணக்கை 52-ஆல் வகுத்தால் வாரச் சராசரி வந்துவிடும், மென்பொருளுக்கும் அதுதான் சுலபம். ஆனால் நம்ம ஊரில் பட்டு விற்பனை முகூர்த்தத்தைப் பார்த்து ஓடுவது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தையிலும் ஆவணியிலும் நெரிசல். உதாரணத்துக்கு, வருஷத்துக்கு 104 நடை போகும் ஒரு தடம் என்று வைப்போம். சராசரி வாரத்துக்கு 2. நிஜத்தில் சீசன் வாரத்தில் 6, மற்ற நாளில் ஒன்றுமே இல்லை என்றால்? 2 என்று நம்பி விலை சொன்னவர் சீசனில் வண்டி இல்லை என்று கையை விரிப்பார். அப்புறம் அன்றைய சந்தை விலைக்கு ஓட வேண்டியதுதான்.

சரி, இந்தச் சுருக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எப்போது வந்தது? அமெரிக்காவில் 1980-ல் லாரித் தொழிலின் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு கம்பெனிகள் லாரிக்காரர்களோடு நேராகப் பேரம் பேசத் தொடங்கின. 1993-ல் சியர்ஸ் கம்பெனியின் சரக்குப் பிரிவு ஒரு புது வகை ஏலத்தை நடத்தியது. தடத்துக்குத் தடம் தனியாக விலை கேட்காமல், ‘இந்த மூணு தடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இந்த விலை’ என்று கட்டாகக் கேட்க விட்டார்கள். இப்படிப் பல ஏலங்களில் 8.4 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

காரணம் நம்ம நாமக்கல் லாரிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வது: ரிட்டர்ன் லோடு. திரும்பும்போது வண்டி காலியாக வந்தால் அந்த டீசலையும் போகும் லோடுதான் சுமக்க வேண்டும். ஆரணிக்குக் கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. அரிசி வெளியே போகிறது. வருவதையும் போவதையும் ஒரே ஊர்ப் பெயரில் பதிந்தால்தான் எந்த வண்டி எதைத் திரும்ப ஏற்றலாம் என்று ஒருவர் கட்டிப் பார்க்க முடியும். ஒரு பில்லில் ‘ஆரணி’, இன்னொன்றில் ‘ஆரணி ரோடு’, மூன்றாவதில் வெறும் ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்றிருந்தால் அந்த ஜோடி சேரவே சேராது. சுருக்கம் போடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, ஊர்ப் பெயர்களை உட்கார்ந்து ஒழுங்குபடுத்துவது. சலிப்பான வேலைதான், ஆனால் பணம் அங்கேதான் இருக்கிறது.

2018-ல் வந்த இ-வே பில் இதில் பெரிய மாற்றம். புறப்படும் பின்கோடும் சேரும் பின்கோடும் அதில் எழுதியே ஆக வேண்டும். ரோட்டில் போகும் சரக்கும் ஊர் வாரியாகப் பதிவாகிறது. அதிலும் ஒரு கோடு உண்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சரக்குக்கு அது கட்டாயமில்லை. பத்துப் பன்னிரண்டு புடவையைப் பையில் கட்டி பஸ்ஸில் காஞ்சிபுரம் கொண்டுபோகும் நெசவாளர் இந்தக் கணக்கிலும் இல்லை.

எல்லாரையும் எழுத முடியாது, வாஸ்தவம்தான். சுருக்கம் என்றாலே சிலதை விடுவதுதான். ஆனால் விட்டது எது என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்: எந்த எல்லை, எந்த அளவு, எந்த மாதங்கள், எதற்குக் கீழே எண்ணவில்லை. அடுத்த வருஷம் அதே அட்டவணையை எடுப்பவர், பூஜ்யம் என்பது சரக்கே இல்லாததா, நாம் எண்ணாமல் விட்டதா என்று தெரிந்துகொள்வார்.

திருமலைக் கல்லில் எழுதியவர் வெறுமனே ‘ஒரு வியாபாரி மனைவி’ என்று முடித்திருக்கலாம். மல்லியூர் வரைக்கும் எழுதினார். அதனால்தான் ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த 30 காசு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிகிறது.