எழுத்தில் வராத வாக்குறுதி

சர்வாதிகாரிகள் வாளேந்தியே அரியணை ஏறுவர் என எண்ணிப் பழகிவிட்டோம். ஹிட்லரை 1933 சனவரி 30 அன்று சான்சலராக நியமித்தவரோ செர்மானியக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்தான். பிப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் கூடும் உரிமையும் பறிக்கப்பட்டன.

மார்ச் 23 அன்று இசைநாடக அரங்கொன்றில் மன்றம் கூடியது. மன்றத்தின் ஒப்புதலின்றி அமைச்சரவையே சட்டமியற்ற வழிவகுக்கும் மசோதா முன்வைக்கப்பட்டது. நிறைவேற மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. பொதுவுடைமையர் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். கத்தோலிக்கரின் மையக் கட்சியை ஹிட்லர் நாடினார். அதன் தலைவர் லுட்விக் காஸ் ஒரு குரு. திருச்சபையின் உரிமைகள் காக்கப்படும் என்று வாய்மொழியாகக் கிடைத்த உறுதியை அவர் எழுத்தில் கேட்டார். வாக்கெடுப்பு வரை கடிதம் வரவில்லை. ஆயினும் வாக்குகள் வழங்கப்பட்டன. முன்னாள் சான்சலர் புரூனிங் முதலியோர் கட்சிக்குள் எதிர்த்துவிட்டு, ஒற்றுமை கருதிப் பணிந்தனர்.

ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர் அனைவரும் சமூக சனநாயகர். அவர்கள் சார்பில் எழுந்து பேசியவர் ஓட்டோ வெல்ஸ். அத்துணிவு அன்று நம்மவரிடமிருந்து வரவில்லை என்பது நமக்கு உறுத்தலே. அரங்கைச் சூழ்ந்து நின்ற சீருடைப் படையினரை மறந்து அவர்களைப் பழிப்பதும் முறையன்று.

சூலை 5இல் மையக் கட்சி தன்னையே கலைத்துக்கொண்டது. சூலை 20இல் ஹிட்லர் அரசு வத்திக்கானுடன் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. காஸ் கேட்ட உறுதி ஒருவாறு எழுத்தில் வந்தது. ஓராண்டுக்குள், 1934 சூன் 30 அன்று, பெர்லின் கத்தோலிக்க இயக்கத்தை வழிநடத்திய எரிக் கிளவுசனர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.