நாலணாவும் எட்டணாவும் பிழைத்த கதை

1980களில் பள்ளிக்குப் போன நாம் அணா நாணயத்தைப் புழக்கத்தில் கண்டதில்லை. ஆயினும் உள்ளங்கையில் பொத்திவைத்த இருபத்தைந்து காசை நாலணா என்றோம். ஐம்பது காசை எட்டணா என்றோம். பெட்டிக்கடைக்காரரும் அப்படியே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒழிந்துபோன நாணயத்தின் பெயர் எங்ஙனம் நம் நாவில் தங்கியது? விடை கணக்கில் இருக்கிறது.

பழைய முறையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு காலணா அல்லது பன்னிரண்டு தம்படி. இந்தப் பாதிபாதியான பகுப்பு தமிழரின் கீழ்வாய்க் கணக்கோடு இயல்பாகவே பொருந்தியது. அரை ரூபாய் எட்டணா, கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா, வீசம் ரூபாய் ஓரணா. எண்சுவடி கற்றவருக்குக் கடைக்கணக்கு தனிப்பாடமன்று.

1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா. ஓரணா ஆறேகால் பைசாவாயிற்று, இரண்டணா பன்னிரண்டரை. புதிய நாணயம் எதிலும் இவை சரியாக அமரவில்லை; ஆகவே அப்பெயர்கள் உதிர்ந்தன. நாலணாவும் எட்டணாவும் மட்டும் மீதமின்றி இருபத்தைந்திலும் ஐம்பதிலும் சென்று பொருந்தின. பெயர்களும் உடன் சென்றன. 'நயா' என்ற அடைமொழியோ 1964இல் விடைபெற்றது.

கடைத்தெருவில் இடமிழந்த சொற்கள் வசவில் அடைக்கலம் புகுந்தன. 'தம்படி தேறாது', 'சல்லிக்காசு பெறாது', 'காலணாவுக்குப் பிரயோசனமில்லாதவன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஆளை எடைபோட்டார்கள். பொருளை வாங்கும் வலுவிழந்த காசு, மனிதரை மதிப்பிடும் வேலைக்கு வந்துவிட்டது. துட்டு, டச்சுக்காரரின் செப்புக்காசுப் பெயர். பணம் என்பதும் ஒரு காலத்தில் ஒரு சிறு நாணயத்தின் பெயரே. 'ஒரு பணம் கொடுத்து அழச்சொல்லி, ஒன்பது பணம் கொடுத்து ஓயச்சொன்ன' கதையில் வருவது அந்த நாணயம்தான்.

2011 ஜூன் 30 உடன் இருபத்தைந்து காசு செல்லாததாயிற்று. ஐம்பது காசு சட்டப்படி செல்லும். ஆனால் கடைக்காரர் கைநீட்டுவதில்லை. நாலணா இவ்வாறு இரண்டாம் முறை மறைந்தது. இம்முறை ஏறிக்கொள்ள வேறு நாணயம் இல்லை.

இதன் இழப்பை வகுப்பறையில் உணர்கிறோம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை அணாக் கணக்கிலேயே தொடங்குகிறது. டிராமில் போனால் என்ன மிஞ்சும் என்று பிள்ளை தெருச்சந்தியின் ஓரத்தில் யோசித்து நிற்கிறார். ஓரணா ஏறத்தாழ ஆறு பைசா என்று விளக்கினால் மாணவர் சிரிக்கிறார். கணக்கு சரிதான், பிள்ளையின் கவலை காணாமல் போய்விடுகிறது. அடிக்குறிப்பில் எழுத வேண்டியது அணாவின் பைசா மதிப்பை அன்று. அன்றைக்கு அது என்ன வாங்கித் தந்தது, எதை வாங்கித் தரவில்லை என்பதை.

அதைச் சொல்லத்தக்கவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1957இல் பத்து வயதில் கடைக்கு ஓடியவர்கள் இன்று எண்பதை ஒட்டியவர்கள். காலணாவுக்கு என்ன கிடைத்தது, மீதிச் சில்லறைக்கு யார் யாரோடு சண்டையிட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். அகராதி தம்படிக்குப் பொருள் தரும். தம்படிக்காக ஒருவர் நடந்த தூரத்தை அவர்களே சொல்ல முடியும்.