பதினொன்றாம் வகுப்பு எங்கே போச்சு?

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

பள்ளி முடித்த செட்டுகள் 20 வருடம், 25 வருடம் கழித்து ஒன்றுகூடும் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபடி இருக்கின்றன. கூப்பிட்டால் நானும் போகிறேன். அங்கே நடக்கும் பேச்சில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. என்னிடம் அரசுப் பள்ளியில் வரலாறு குரூப் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். கபடி, ஆண்டுவிழா நாடகம், கொல்லிமலைக்குப் போன சுற்றுலா, வாத்தியார் பட்டப்பெயர் எல்லாம் அந்த வருடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நம் சொந்தத்தில், 2000-க்குப் பிறகு விடுதிப் பள்ளிகளில் படித்த பல பிள்ளைகள் பத்தாம் வகுப்பைச் சொல்லிவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஒரு வருடத்தையே காணோம். வரலாற்று வாத்தியார் என்பதால் அந்தக் காணாமல் போன வருடத்தின் வரலாற்றை எழுதிவைக்கிறேன்.

ஒரு காலத்தில் பதினொன்றுதான் பள்ளிக்கூடத்தின் உச்சி. எஸ்.எஸ்.எல்.சி. என்றாலே பதினொன்றாம் வகுப்புதான். அதற்கும் முன்னால் அதே வகுப்புக்கு ஆறாம் ஃபாரம் என்று பெயர். அதைத் தேறியவருக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. கடிதம் படிக்கவும், மனு எழுதவும், பத்திரம் பார்க்கவும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பி.யு.சி. அது ஒரு வருடப் படிப்பு. பள்ளியில் இல்லை, கல்லூரியில். நம் பக்கத்துப் பிள்ளைகள் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ போக வேண்டும். அதுவரை தமிழில் படித்த பையன் ஜூன் மாதம் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடும். பிடிபடுவதற்குள் பரீட்சை வந்துவிடும். பி.யு.சி.யில் கோட்டைவிட்டு ஊருக்குத் திரும்பி, தறியிலும் லாரியிலும் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மண்டையில் குறை இல்லை. பாதையில் ஒரு படி உயரமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளுக்கு அந்தப் படி இன்னும் உயரம். என் அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க். ஆனால் பி.யு.சி. என்றால் தினமும் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் விடுதியில் தங்க வேண்டும். இரண்டுக்கும் எங்கள் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு அக்காவின் படிப்பு நின்றது. அக்கா இந்தப் பதிவைப் படிப்பார். பேரப்பிள்ளைகளின் கணக்கை இன்றும் அவர்தான் திருத்துகிறார்.

1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரிக் குழு நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பைப் பரிந்துரைத்தது: பத்து வருடம் பொதுக் கல்வி, இரண்டு வருடம் மேல்நிலை, மூன்று வருடம் பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் அது எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. பி.யு.சி. மறைந்தது. பல உயர்நிலைப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘உயர்நிலை’யை அழித்து ‘மேல்நிலை’ என்று எழுதினார்கள்.

பிளஸ் டூவின் முதல் செட் நாங்கள்தான். 1980-இல் பரீட்சை எழுதினோம். எங்களுக்கு முன்னால் யாரும் எழுதியதில்லை என்பதால் பழைய கேள்வித்தாள் கிடையாது, நோட்ஸ் கிடையாது. பாடம் நடத்தியவர்களுக்கும் அது புதுசுதான். புத்தகத்தை அவர்களும் நாங்களும் சேர்ந்தே புரட்டினோம். தொழிற்கல்விப் பிரிவும் அப்போதுதான் வந்தது. எங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் அந்த ஒவ்வொருவரும் பழைய முறையில் அக்காவைப் போல வீட்டோடு நின்றிருப்பார்கள். அரசாணை ஒன்று உள்ளூர்ப் பள்ளியில் இரண்டு வருடத்தை நீட்டிக் கொடுத்தது. அவர்கள் அந்தப் பாலத்தின் மேல் நடந்து போனார்கள். சிலர் பிறகு ஆசிரியர்களும் செவிலியர்களும் ஆனார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் முதல் வருடம் பழகுவதற்கு, இரண்டாம் வருடம் பரீட்சைக்கு. பதினொன்றில் அரசுப் பரீட்சை இல்லாததால்தான் நூலகத்துக்கும் மைதானத்துக்கும் நேரம் கிடைத்தது. எனக்கு வரலாறு பிடித்துப்போனதும் அந்த வருடம்தான்.

இனி அந்த வருடம் தொலைந்த கதை. 1984-இல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைவுத்தேர்வு வந்தது. அதே காலத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளும் பெருகத் தொடங்கின. 1997-இல் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல் நாமக்கல் தனி மாவட்டம். கலந்தாய்வில் கட்-ஆஃப்தான் பேசும். கட்-ஆஃப் என்பது பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் நுழைவுத்தேர்வு மார்க்கும் சேர்ந்தது. பதினொன்றுக்கு அதில் இடமே இல்லை.

நம் ஊர்க்காரர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். மழை குறைந்த இந்தப் பூமியில் குச்சிக்கிழங்கு போட்டுச் சவ்வரிசி ஆலை நடத்தியவர்கள், லாரிக்குக் கூண்டு கட்டியவர்கள், போர் வண்டியோடு வடநாடு போனவர்கள், கோழிப்பண்ணை வைத்து நாடு முழுக்க முட்டை அனுப்பியவர்கள். கூட்டாகப் பணம் போட்டுத் தொழில் செய்வது நமக்குக் கைவந்த கலை. ஆசிரியர்கள் சிலரும் அப்படியே கூட்டுச் சேர்ந்து பள்ளி தொடங்கினார்கள். மார்க் இல்லாத வருடத்துக்கு எதற்குச் செலவு என்று கணக்குப் போட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்துவிடும். ஒரே புத்தகம், இரண்டு வருடம், விடிகாலை முதல் ராத்திரி வரை.

பலன் கிடைத்தது. மாநில ரேங்க் வரிசையில் நாமக்கல்லும் ராசிபுரமும் திரும்பத் திரும்ப வந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் ‘பிராய்லர் பள்ளி’ என்று கேலி செய்தபோது எனக்கு வலித்தது. ஏனென்றால் அங்கிருந்து டாக்டரான முதல் தலைமுறைப் பிள்ளைகளை நான் அறிவேன். நுழைவுத்தேர்வு 2007-இல் ஒழிந்த பிறகு பிளஸ் டூ மார்க் ஒன்றே எல்லாம் என்றாகி, இந்த முறை இன்னும் இறுகியது.

நம் சொந்தத்தில் ஒரு தம்பி. 1200-க்கு 1100-க்கு மேல் வாங்கி நல்ல பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். முதல் செமஸ்டரில் கணக்கிலும் இயற்பியலிலும் அரியர். வகைநுண்கணிதம் தொடங்குவது பதினொன்றில், இயக்கவியலும் பதினொன்றில். அந்தப் புத்தகத்தை அவன் திறந்ததே இல்லை. கல்லூரி விடுதியில் உட்கார்ந்துகொண்டு பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் ஒரு செட் வாங்கி அனுப்பச் சொல்லி எனக்குப் போன் செய்தான். “மாமா, எனக்கு அந்த வருஷம் நடக்கவே இல்லை” என்றான். வாங்கி அனுப்பினேன். தேறிவிட்டான். ஆனால் அந்த வருடத்து நண்பர்களையும் விளையாட்டையும் எந்தக் கடையில் வாங்கி அனுப்ப?

2017 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. பொதுத்தேர்வு முடிவுகளில் ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். நீட் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதில் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். 2017-18 முதல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். இரண்டு வருட மார்க்கையும் சேர்ப்பதாகச் சொல்லி, 2018 செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்பு மார்க் உயர்கல்விச் சேர்க்கைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கொரோனாவால் 2021-இல் பிளஸ் டூ பரீட்சையே நடக்காதபோது மார்க் போட என்ன செய்தார்கள் தெரியுமா? பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30. கணக்கில் வராது என்று ஒதுக்கிய வகுப்பு அன்றைக்குக் கைகொடுத்தது.

இப்போது 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறையும் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மார்க் இல்லாத வருடம் நம் பக்கத்தில் என்ன ஆகும் என்பதை ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். பரீட்சை இல்லாத அந்த வருடம்தான் எங்கள் செட்டுக்கு வரமாக இருந்தது. அதே வருடம்தான் உங்களில் பலருக்குத் தொலைந்துபோனது. சட்டம் இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது நாம் அந்த வருடத்தை யார் கையில் கொடுத்தோம் என்பது.

என் மாணவர்களில் பலருக்கு இப்போது பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணுகளா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்த வாரம் அதன் பையைத் திறந்து, உள்ளே எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகமாக இருந்தால் பள்ளிக்குப் போய், பதவிசாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவர்கள் நீங்கள். கேட்க உரிமை உண்டு.

உங்கள் பதினொன்றாம் வகுப்பில் மறக்க முடியாத ஒன்றைக் கீழே எழுதுங்கள். ஒன்றும் நினைவில் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்